எல்போ உரிக்கும் கை

சுவருக்கு வெளியே இரண்டு விரற்கடை மட்டுமே நீட்டியிருக்கும் பிவிசி குழாய்; அதன் நுனியில், விரிசல் விட்ட எல்போ எனும் வளைவு இணைப்பு. குழாய்க்குச் சேதமின்றி அதைக் கழற்றும் பிளம்பரின் கைவேலை ரசிக்கத் தக்கது.

ஒட்டப் பயன்படும் சொல்யூஷன் வெறும் பசையல்ல. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் குழாயே உடையும். அதனால் அவர் முதலில் எல்போவின் வளைவை அறுத்துத் தள்ளுகிறார். மிஞ்சிய வளையத்தில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல். குழாயைத் தொட மயிரிழை இருக்கும்போதே கை நின்றுவிடுகிறது. அடுத்து ஹீட் கன். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் அருகே இளகும். கருகவிட்டால் நச்சுப்புகை வரும். மேல்வளையம் இளகி, உள்ளே குழாய் இன்னும் விறைப்பாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புகிறார். பட்டை உரிந்து வருகிறது.

உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் புது எல்போவை மாட்டலாம். சுவரை உடைக்கும் செலவு மிச்சம். கூலி அந்த நிதானத்துக்குத்தான்.