புகைப்படமும் பதக்கமும்: சில திருத்தங்கள்

சென்ற ஆண்டு நம் சங்க மலரில் அன்பர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். அடியேனும் பாராட்டினேன். காக்கிக் கோட்டு, தலைப்பாகை, மார்பில் ஒரு பதக்கம், பக்கத்தில் சாய்த்து வைத்த வாள். இந்தப் புகைப்படத்தைக் கொண்டு அவர் மூன்று முடிவு சொல்லியிருந்தார். ஒன்று, 1914இல் போருக்குப் புறப்படும்போது எடுத்த படம். இரண்டு, தாத்தா 1914 முதல் 1918 வரை போர்முனையில் நின்றார். மூன்று, வீரத்துக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூன்றும் நிற்காது என்பது என் கருத்து.

படத்தில் உள்ள பதக்கம் இன்றும் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை; மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். இது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். ஏற்படுத்தியதே 1919இல்தான். அப்படியிருக்க, அதைக் குத்திக்கொண்டு 1914இல் எப்படிப் படம் எடுப்பது? ஆண்டுகளும் போர் நடந்த ஆண்டுகள். எல்லாப் பதக்கத்திலும் அதே. தாத்தாவின் சேவைக் காலம் அல்ல. வாளையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. நாற்காலி, பூந்தொட்டி, திரைச்சீலை போல அதுவும் ஸ்டூடியோக்காரர் சரக்காக இருக்கலாம்.

அடுத்து உலோகம். "வெள்ளிதாம்பா, தேச்சுத் தேச்சு முலாம் போயிடுச்சு" என்றார் வீட்டுப் பெரியம்மா. வெள்ளி என்றால் முலாம் எதற்கு? நாற்பது வருஷம் பாத்திரக் கடையில் நிறுத்து விற்ற கை இது. வெண்கலம் என்று எடுத்தவுடன் தெரிந்துவிட்டது. படை வீரர்களுக்கு இப்பதக்கம் வெள்ளியில் கொடுக்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000 அடித்தார்கள். அவை பெரும்பாலும் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்குப் போயின.

செங்கம் பக்கத்து நடுகற்களில் எழுத்து இருப்பதால்தான் யார், எந்தப் பூசலில் விழுந்தார் என்று அறிகிறோம். எழுத்தில்லாத கல்லுக்கு ஊரார் சொன்னதே வரலாறு. இந்தப் பதக்கத்துக்கும் எழுத்து உண்டு, விளிம்பில். லென்ஸ் வைத்துப் படித்தோம். ஓர் எண், தாத்தாவின் பெயர், 'கூலி' என்ற சொல், கடைசியில் எஸ். அண்ட் டி. கோர், அதாவது சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட் கோர்.

அன்பர் முகம் வாடிவிட்டது. "ஐயா, இதை எழுதத்தான் வேணுமா?" என்றார்.

எழுதத்தான் வேண்டும். முதல் உலகப் போரில் இந்தியப் படையில் ஆயுதம் ஏந்தாதவர்கள் மட்டும் 5,50,000 பேருக்கு மேல். கப்பலில் சரக்கு இறக்கியவர், பாதை போட்டவர், காயம்பட்டவரைத் தூக்கி வந்தவர் எல்லாம் இதில் சேர்த்தி. ராதிகா சிங்கா 2020இல் இவர்களைப் பற்றியே தனி நூல் எழுதினார். மெசப்பொட்டேமியாவில் கூட் நகரில் முற்றுகைப்பட்ட பிரிட்டிஷ்-இந்தியப் படை 1916 ஏப்ரலில் சரணடைந்தது. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது; சாப்பாடு வந்து சேரவில்லை. மூட்டை சுமந்தவனை நம்பித்தான் பட்டாளமே நின்றது. இல்லாத வீரத்தை ஏற்றிச் சொல்லும்போது, இருந்த உழைப்பை நாமே அழித்துவிடுகிறோம். கூலி என்பதில் நமக்கு என்ன கூச்சம்? நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்ததும் எதற்காக?

அன்பர் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். மற்ற வீடுகளிலும் இப்படிப் படங்கள் இருக்கும். கதை எழுதுமுன் படத்தின் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோ பெயர், ஊர் இருக்கும். பதக்கத்தின் விளிம்பைப் படியுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். எழுத்து போனால் தாத்தாவின் பெயரும் கூடவே போய்விடும்.