இரவு உலாவும் ஆற்றுப்படையும்: பால்புதுமையினர் உலகை எழுதுவோரின் நிலைப்பாடு குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில், பால்புதுமையினர் கூடும் தெருக்களுக்கும் விடுதிகளுக்கும் வழிகாட்டி ஒருவர் பயணிகளை அழைத்துச் செல்லும் இரவு நடைகள் கட்டணத்துடன் நிகழ்த்தப்படுகின்றன. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு ஐரோப்பாவில் தங்கியிருந்த காலத்தில், பெர்லின் நகரில் அத்தகைய நடை ஒன்றில் நாமும் கலந்துகொண்டோம். ஆர்வமே நம்மை அங்கு இழுத்துச் சென்றது; ஆய்வுக்காகச் சென்றோம் என்று இன்று கூறிக்கொள்வது பொருந்தாது.

நடை நொலெண்டார்ஃப் சதுக்கத்தில் தொடங்கியது. நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பினருக்காக 1989ஆம் ஆண்டு அங்குள்ள தொடருந்து நிலையச் சுவரில் பதிக்கப்பட்ட முக்கோண வடிவ நினைவுக்கல்லின்முன் வழிகாட்டி சற்று நேரம் பேசினார். பின்னர் மோட்ஸ் தெரு, பழைய எல்டொராடோ விடுதி இருந்த கட்டடம் எனச் சென்று, இறுதியில் சிறிய மதுவிடுதி ஒன்றினுள் நுழைந்தோம். பன்னிருவர் ஒருசேர உள்ளே வந்ததும் அங்கிருந்தோர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தனர். சிறிது நேரத்தில் முதியவர் ஒருவர் நம்மருகே வந்து, நம் ஊர் எது என வினவினார். மலேசியாவில் சுங்கை சிப்புட் என்றோம். "அங்கே எங்களைப் போன்றவர்கள் எங்கே கூடுவார்கள்?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை" என்று விடை கூறினோம். அவர் தலையசைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

அவ்விடை பொய்யானது என்பதை நாம் அப்பொழுதே அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் அது ஏன் அத்துணை எளிதாக நாவில் வந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பால்புதுமையினர் வாழ்வைக் கூறும் எழுத்துகள் யாரை, யாருக்கு, எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஆராய்வது இதன் நோக்கமாகும்.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

வழிகாட்டுதல் பற்றித் தமிழ் மரபில் தெளிவான கருத்து உண்டு. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்றவர், பெறாதவரை வழியிடைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் பகுதியில் வகுத்துரைக்கின்றது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இவ்விலக்கணத்தில் நாம் கருதத்தக்க கூறுகள் மூன்று.

முதலாவது, வழி கூறுபவரும் கேட்பவரும் ஓரினத்தார்; பாணனுக்கு வழி கூறுபவன் பாணனே. இரண்டாவது, வழி கூறுபவர் தம் பழைய வறுமையை மறைப்பதில்லை. பொருநராற்றுப்படையில் பேசும் பொருநன், கரிகாலனைக் காணுமுன் தான் உடுத்திருந்த கந்தல் துணியின் நிலையையும் எடுத்துரைக்கிறான். மூன்றாவது, வழியின் இடர்கள் சொல்லப்படுகின்றன. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், பன்றிக்கென அமைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் எனக் கால்வைக்கும் இடந்தோறும் எச்சரிக்கின்றது. கேட்பவர் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்ற அக்கறையே இவ்விரிவுக்குக் காரணம் எனலாம்.

இதனோடு உலா இலக்கியத்தை ஒப்பிட்டு நோக்கலாம். உலாவில் தலைவன் வீதியில் வருகிறான். ஏழு பருவ மகளிரும் காண்கின்றனர். அங்குக் காட்சியே நிகழ்வு. காண்பவர் எங்கும் போய்ச் சேரவேண்டியதில்லை. சுற்றுலாவில் பயணியே வீதியில் நடக்கிறார், வீதியில் வாழ்பவர் காட்சிப் பொருளாகிறார். பாத்திரங்கள் இடம் மாறினும் காட்சியே நிகழ்வு என்னும் நிலை மாறவில்லை. ஒரு படைப்பு ஆற்றுப்படையாக இயங்குகின்றதா, உலாவாக இயங்குகின்றதா என்பதே ஈண்டு நாம் கையாளும் அளவுகோல்.

பெர்லினின் இரு கையேடுகள்

மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919ஆம் ஆண்டு தம் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய நகரம் பெர்லின். அந்நகரின் இரவு வாழ்வைப் பற்றி அக்காலத்தில் எழுந்த இரு நூல்கள் மேற்கூறிய வேறுபாட்டை நன்கு விளக்குகின்றன. ரூத் மார்கரேட் ரோலிக் 1928ஆம் ஆண்டு பெர்லினின் தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். முன்னுரை வழங்கியவர் ஹிர்ஷ்ஃபெல்ட். நூலாசிரியர் அவ்வுலகைச் சார்ந்தவர். தனித்து வாழும் பெண்ணொருத்தி எவ்விடுதியில் தன்னையொத்தவரைக் காணலாம், அங்கு எத்தகையோர் வருவர் என்பவற்றை அந்நூல் சொல்கின்றது. இதனைப் பெர்லின் நகரின் ஆற்றுப்படை என்று கூறுதல் மிகையாகாது.

கர்ட் மோரெக் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடோ 'ஒழுக்கங்கெட்ட பெர்லினுக்கு வழிகாட்டி' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அதில் இடம்பெறும் விடுதிகள் சில ரோலிக் கூறியவையே. எனினும் கேட்பவர் மாறிவிட்டார்: வேடிக்கை காணவரும் பயணியே மோரெக்கின் வாசகர். எல்டொராடோ விடுதியில் பெண்ணுடை அணிந்தோருடன் நடனமாட வருகையாளர் வில்லை வாங்கினர் என்பது இவ்வாசகர் வட்டத்தின் இயல்பைக் காட்டும். ஒரே கதவு ஒருவருக்கு அடைக்கலமாகவும் மற்றவருக்கு அரங்கமாகவும் இருந்தது.

1933 மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்ட் நிறுவனம் சூறையாடப்பட்டது. நான்கு நாள்களில் அதன் நூல்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. இடத்தைக் காட்டும் எழுத்து, ஆட்சி மாறிய மறுநாளே ஆளைக் காட்டிக்கொடுக்கும் எழுத்தாகிவிடக் கூடும் என்ற உண்மையை இவ்வரலாற்றின் நிழலில்தான் நாம் உணர்கிறோம்.

உள்ளிருப்பவரே பார்வையாளராதல்

கிறிஸ்டோபர் இஷர்வுட் எழுதிய 'குட்பை டு பெர்லின்' (1939) நூலின் இறுதிப் பகுதியில் இத்தகைய உலா ஒன்று இடம்பெறுகின்றது. காவல்துறை இவ்விடுதிகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டதால், நண்பர் ஒருவர் கதைசொல்லியை விடைபெறும் சுற்று ஒன்றுக்கு அழைக்கிறார். அவர்கள் செல்லும் விடுதியோ பார்வையாளருக்காகவே நடத்தப்படுவது. அங்குள்ள வேடமும் ஒப்பனையும் விற்பனைக்கானவை. வாசலில் எதிர்ப்படும் அமெரிக்க இளைஞன் ஒருவன் கதைசொல்லியை நோக்கி, நீயும் அத்தகையவனா எனக் கேட்கிறான். கதைசொல்லி வேடிக்கைபோல ஆம் என்கிறான்.

இக்காட்சியின் முழுப்பொருள் பிற்காலத்தில்தான் வெளிப்பட்டது. தாம் பெர்லின் சென்றதன் காரணத்தையும் தம் வாழ்வையும் இஷர்வுட் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றில் மறைவின்றி எழுதினார். அங்ஙனமாயின், 1939ஆம் ஆண்டு நூலில் ஒளிப்படக் கருவிபோல ஒதுங்கி நின்ற கதைசொல்லி, பயணி வேடம் பூண்ட உள்ளூரார் ஆவார். மெய்யை மெய்யாகச் சொல்ல இயலாத காலத்தில் அவருக்கு வேடிக்கை உதவியது. உலா வடிவத்தைக் கண்டவுடன் ஆசிரியரை வெளியாள் என முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கூவாகமும் தமிழ் எழுத்தும்

தமிழ்ச் சூழலில் இத்தகைய இரவுக் காட்சிக்கு நிகரானது கூவாகம். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த அச்சிற்றூரின் கூத்தாண்டவர் கோயிலில், ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர். அவர்களுக்கு அது வழிபாடு. ஆண்டுக்கொருமுறை உறவினரைக் காணும் நாள். ஒளிப்படக் கருவியுடன் வருவோர்க்கோ அது காட்சி. ஒப்பாரியின் நடுவே அழுகின்ற முகத்துக்கு மிக அருகே கருவியை நீட்டுவோர்க்கும் மோரெக்கின் வாசகர்க்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை.

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) திருநங்கை ஒருவரை மையமாக்கித் தமிழில் முன்னதாக எழுந்த நாவல்களுள் முதன்மையானது. சுயம்பு என்னும் பொறியியல் மாணவர் மேகலையாகும் வரலாற்றை அது கூறுகின்றது. வெகுமக்கள் வாசகர்க்கு இரக்கத்தை ஊட்டவேண்டும் என்ற எண்ணம் நடையெங்கும் தெரிகிறது. கதை, அவ்வுலகை அறியாத வாசகரின் கையைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது. ஆகவே மேகலை தன்னையொத்தவரிடம் பேசும் இடத்தைவிட நம்மிடம் விளக்கப்படும் இடமே மிகுதி. இதனைக் குறையெனச் சொல்லும்போது, 1994ஆம் ஆண்டில் வேறு யார் அக்கதவைத் தட்டினார் என்பதையும் நினைக்கவேண்டும். ஏச்சுச் சொல் ஒன்றே வழங்கிய காலத்தில், படித்த தமிழர் இல்லத்தினுள் ஒரு திருநங்கையை மனிதராக அழைத்து வந்தவர் சமுத்திரம்.

எனினும் அடுத்த கட்டம் வேறு கைகளால் எழுதப்பட்டது. அ. ரேவதி 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'உணர்வும் உருவமும்', திருநங்கையர் தம் வாழ்வை ரேவதியிடம் கூறிய தொகுப்பு. கேட்பவரும் சொல்பவரும் ஓரினத்தாராக அமைந்தமையால், வாசகரிடம் தம்மை நிறுவவேண்டிய நெருக்கடி பேச்சில் குறைகின்றது. 'வெள்ளை மொழி' (2011) என்னும் தன்வரலாற்றில் நாமக்கல் வட்டாரச் சிற்றூரிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் அவர் சென்ற வழி விரிகின்றது. மூத்தவர் இளையவர்க்கு வழி சொல்லும் மரபு, அம்மரபினுள்ளேயே இருந்த அடக்குமுறை, காவலர் வன்முறை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. மலைபடுகடாம் கூறிய பொறிகளையும் கவண்கற்களையும் இங்கு மீண்டும் காண்கிறோம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) மேலும் ஒரு திருப்பத்தைத் தருகின்றது. தொடருந்தில் கைநீட்டும் திருநங்கையைப் பயணியர் பார்ப்பதே வழக்கம். வித்யாவின் நூலிலோ அவர் பயணியரைப் பார்க்கிறார். நமக்கு வேறெந்த நூலிலும் இத்துணைக் கூச்சம் நேர்ந்ததில்லை.

சௌகிட்டும் சுங்கை சிப்புட்டும்

மலேசியத் தமிழ்ப் புனைவில் ம. நவீனின் 'சிகண்டி' (2021) இவ்வுலகைத் துணிந்து எழுதிய நாவலாகும். கோலாலம்பூர்ச் சௌகிட் பகுதிக்கு வந்து சேரும் இளைஞன் ஒருவன் வழியாகத் திருநங்கையரின் உறவுகளும் நம்பிக்கைகளும் விரிகின்றன. வெளியாள் ஒருவனைப் பின்தொடர்ந்து செல்வதால் இது உலாபோலத் தோன்றக்கூடும். ஆனால் அவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப இயலாதவாறு அவ்வுலகம் அவனைப் பற்றிக்கொள்கிறது. பார்த்தவன் மாறாமல் வெளியேற முடியாதெனில் அது சுற்றுலாவாகாது.

சௌகிட்டைப் பற்றி நாவல் உண்டு. அங்குச் சென்றவர்கள் எவ்வூரிலிருந்து சென்றார்கள்? 1948 சூன் 16 அன்று தோட்ட நிருவாகிகள் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கிய ஊராகவே சுங்கை சிப்புட் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றது. முள்வேலியும் ஊரடங்குமாகக் கழிந்த அக்கால இரவுகளைப் பற்றி முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். நாம் கண்ட இரவுகள் பிற்பட்டவை, திருவிழா இரவுகள்.

நம் சிறுவயதில், தோட்டத்து மாரியம்மன் திருவிழா மேடையில் ஆண்டுதோறும் குறத்தி வேடங்கட்டி ஆடுபவர் ஒருவர் இருந்தார். மறுநாள் விடியலில் பெரட்டில் மற்றவரோடு நிற்பார்; பால்மரம் வெட்டப் போவார். லயத்துப் பெண்கள் அவரைத் தம்மோடு அமர்த்திப் பூக்கட்டச் சொல்வர். ஆண்கள் மேடையில் கைதட்டுவர். மாலையில் வழிமறித்து ஏசுவர். சிறுவராகிய நாமும் அவ்வேச்சுச் சொல்லைக் கூவிக்கொண்டு பின்னால் ஓடியதுண்டு. ஓராண்டு அவர் மேடையில் இல்லை. "கோலாலம்பூர்ல வேலைக்குப் போயிருக்கு" என்று அவர் தாயார் சொன்னார். ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பின்னர் தோட்டம் துண்டாடப்பட்டது. லயத்து மக்கள் சிதறினர்.

பெர்லினில் நாம் இல்லையென்று கூறியது இவரைத்தான். வழிகாட்டியைக் கட்டணம் கொடுத்துப் பின்தொடர்ந்த நாம், நம் லயத்திலிருந்து புறப்பட்டவருக்கு வழி கூறியவர் யார், அவ்வழியில் எத்தகைய குழிகள் இருந்தன என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அயலூர்த் தெருவில் காட்டப்பட்டது வரலாறாகத் தோன்றியது. நம் வீட்டெதிரே வாழ்ந்தது பேசத்தகாததாகத் தோன்றியது. இது தனியொருவர் குறையெனினும், நம் திறனாய்வுத் துறையும் இக்குறைக்கு விலக்கன்று. பெண்ணியம், தலித்தியம் குறித்து வகுப்பில் விரிவாகப் பேசும் நாம், இப்பொருள் வருகையில் பாடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

முடிவுரை

சுங்கை சிப்புட்டிலும் இரவு நடை வேண்டும் என்பது நம் கருத்தன்று. காலனிய ஆட்சி விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு நடப்பில் உள்ள நாட்டில், இடத்தைச் சுட்டுவது ஆளுக்கு இடராகும். ஆகவேதான் மேற்கூறியவரின் பெயரையும் தோட்டத்தையும் நாமும் குறிக்கவில்லை. நாம் வேண்டுவது வாசிப்பில் ஒரு மாற்றம். ஒரு படைப்பை மதிப்பிடும்போது அது எத்துணை இரக்கத்தை எழுப்புகிறது என்று கேட்பதோடு நில்லாமல், அவ்வுலகைச் சார்ந்த ஒருவர் அதனைப் படித்தால் அவருக்கு அதில் ஏதேனும் வழி கிடைக்குமா என்றும் கேட்கவேண்டும். ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் 'வெள்ளை மொழி'யின் ஒரு பகுதியை அவற்றோடு சேர்த்துப் படிப்பிக்கலாம்; சங்க இலக்கியமும் அதனால் புதுப்பொருள் பெறும். 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு இவர்களுக்குரிய மதிப்பான சொற்களை வகுத்து அரசிதழில் வெளியிட்டது. அச்சொற்களையேனும் வகுப்பறையில் வழங்கத் தொடங்கலாம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது மாணவருள் ஒருவர் அச்சொல்லுக்காகக் காத்திருக்கக் கூடும்.

அம்முதியவரின் வினாவுக்குரிய விடையை இன்று இவ்வாறு கூறுவோம்: எங்கள் ஊரில் இருந்தார்கள். கூடுவதற்கு இடம் இல்லை. ஆண்டுக்கு ஓரிரவு மேடை தந்தோம். எஞ்சிய நாள்களில் ஏசினோம். அவர்கள் போனபின் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.