உறையும் சாஸும் உடன்பிறப்பு

இத்தாலிய மொழியில் ‘கன்னா’ என்றால் நாணல். அதன் வழியில் வந்த ‘கன்னெல்லோ’ சிறு குழல், ‘கன்னெல்லோனி’ பெருங்குழல்கள். பெயர் வடிவத்தைத்தான் சொல்கிறது. குழலை எந்த மாவில் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு விதியும் இல்லை. ஆனாலும் பெட்டியில் வரும் காய்ந்த பாஸ்தாக் குழல்தான் அசல் என்றும், க்ரேப்பில் சுருட்டுவது அவசரத்துக்குச் செய்யும் மாற்று என்றும் பலர் நினைக்கிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். உள்ளே கொத்துக்கறி, மேலே சீஸ் கரைந்த வெள்ளை சாஸ் என்று அவனில் வைத்து எடுக்கும் இந்தப் பண்டத்துக்கு க்ரேப்பைவிடப் பொருத்தமான உறை கிடையாது. க்ரேப் என்பது மைதா, பால், முட்டை, கொஞ்சம் வெண்ணெய். பெஷமெல் எனப்படும் அந்த வெள்ளை சாஸ் என்பது மைதா, பால், வெண்ணெய். ஒன்றைத் தவாவில் வார்க்கிறோம், மற்றதைப் பாத்திரத்தில் காய்ச்சுகிறோம். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் இரண்டும் வாயில் சேரும்போது இடையில் தையல் தெரிவதில்லை.

இது இத்தாலியச் சமையலே அல்ல, பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய கடன் என்று சொல்பவர்கள் உண்டு. பிரெஞ்சில் ‘க்ரேப்’, இத்தாலியில் ‘க்ரெஸ்பெல்லே’. இரண்டுமே ‘சுருண்ட’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஃப்ளோரன்ஸில் க்ரெஸ்பெல்லேக்குள் பசலைக்கீரையும் ரிக்கோட்டாவும் வைத்து, பெஷமெல் ஊற்றி, தக்காளி சாஸ் சிறிது தெளித்துச் சுட்டெடுப்பது ஊர்ப் பெருமை. அப்ருட்சோ பகுதியின் தெராமோ நகரில் ‘ஸ்க்ரிப்பெல்லே’ என்ற மெல்லிய முட்டை அடைகளை அடுக்கி, நடுநடுவே சுண்டைக்காய் அளவு இறைச்சி உருண்டைகளை வைத்து ‘திம்பல்லோ’ செய்கிறார்கள். மற்ற ஊர்களில் பாஸ்தாத் தகடு இருக்கும் இடத்தில் அங்கே அடை இருக்கிறது. வெள்ளை சாஸுக்கும் இத்தாலியில் வேர் உண்டு. பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் அதற்கு ‘பல்சமெல்லா’ என்று பெயர். இத்தாலியர்கள் பெருந்திரளாகக் குடியேறிய அர்ஜென்டினாவிலோ ‘கனெலோனேஸ்’ என்றால் வீட்டிலும் உணவகத்திலும் பெரும்பாலும் க்ரேப்பில் சுருட்டியதுதான். இத்தனை ஊர்கள் கைக்கொண்ட வழியை மாற்று என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அடுத்த ஆட்சேபம் இதைவிட வலுவானது. க்ரேப் சாஸில் ஊறிக் கூழாகிவிடும், பாஸ்தாவின் கடிபதம் அதற்கு வராது என்பது. கடிபதம் வராதுதான், கூழாக வேண்டிய அவசியம் இல்லை. பச்சைப் பாஸ்தாக் குழல் அவனுக்குள் போன பிறகுதான் வேக வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும். சாஸிலிருந்தும் கறியிலிருந்தும்தான் அதை உறிஞ்சும். அதற்காகச் சாஸைத் தளரக் காய்ச்ச வேண்டியிருக்கிறது, நேரமும் கூடுகிறது, குழல் வெந்து முடியும்போது உள்ளே கறி வறண்டு நிற்கிறது. க்ரேப்போ வெந்துதான் உள்ளே போகிறது. முட்டை தவாவிலேயே இறுகிவிட்டது, மைதா பாலைக் குடித்து நிறைந்துவிட்டது. அவனில் மிச்சமிருப்பது சூடேறுவதும் மேற்பரப்பு பொன்னிறமாவதும்தான். 200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் போதும்.

ஆனால் க்ரேப் சரியாக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். 250 கிராம் மைதாவுக்கு அரை லிட்டர் பால், 3 முட்டை, உருக்கிய வெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கலந்ததும் வார்க்கக் கூடாது. அடித்துக் கலக்கும்போது மைதாவின் பசையம் விறைத்துக்கொள்கிறது. அரை மணி நேரமாவது ஊறினால்தான் தளரும். தளராத மாவில் வார்த்தது சவுக்குச் சவுக்கென்று இழுபடும். தவா காய்ந்ததும் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றிய கையோடு தவாவைச் சாய்த்துச் சுழற்றிப் பரப்ப வேண்டும், கரண்டியால் தேய்ப்பதில்லை. ஓரம் சரிகைபோல் உலர்ந்து, தானே தவாவை விட்டு எழும்பும் நேரம்தான் திருப்பும் நேரம். முதலில் வெந்த பக்கத்தில் நிறம் சீராக ஏறியிருக்கும். சுருட்டும்போது அது வெளியே வர வேண்டும். இலங்கையின் மட்டன் ரோல்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்த உறை அந்நியமல்ல. அங்கும் மைதாக் கரைசலில் வார்த்த அடைக்குள்தான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மடிக்கப்படுகின்றன. கொதிக்கும் எண்ணெயிலிருந்து அந்த அடையை ரொட்டித்தூள் காக்கிறது. அவனின் வறட்சியிலிருந்து க்ரேப்பைக் காக்கும் வேலை சாஸுடையது. சாஸ் படாத ஓரம் தோல்போல் விறைத்துவிடும்.

உறை மென்மையானது என்பதால் உள்ளடக்கமும் மென்மையாக இருந்தாக வேண்டும். பச்சைக் கொத்துக்கறியை வதக்கி அப்படியே வைத்தால் குருணை குருணையாகப் பல்லில் தட்டும். க்ரேப் அதற்கு ஈடுகொடுக்காது. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது கத்தலோனியர்களிடம். டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளன்று அவர்கள் வீடுகளில் ‘கனெலோன்ஸ்’ கட்டாயம். முந்தின நாள் கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சிதான் உள்ளே போகும். அவர்கள் சுருட்டுவது பாஸ்தாத் தகட்டில் என்றாலும், சமைத்து முடித்த கறியை அரைப்பது என்ற முறை க்ரேப்புக்குத்தான் இன்னும் அழகாகப் பொருந்துகிறது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் துண்டங்களாக, வெங்காயம், கேரட், செலரியோடு நிறம் வரும்வரை வதங்கி, கொஞ்சம் ஒயின் விட்டு, சாறு வற்றும்வரை மெல்ல வேக வேண்டும். அதன் பிறகு அரைத்து, சாஸிலேயே இரண்டு கரண்டி எடுத்துப் பிசைந்தால் போதும். கறி ஒட்டிக்கொண்டு நிற்கும், உதிராது.

சாஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். 50 கிராம் வெண்ணெயில் 50 கிராம் மைதாவை நிறம் மாறாமல், பச்சை வாசனை போகும்வரை வறுத்து, முக்கால் லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளற வேண்டும். கொதி வராமல் இறக்கினால் மைதாவின் மாவுச்சத்து முழுதாக விரியாது, சாஸ் நாக்கில் மாவாகவே நிற்கும். கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்பதுதான் பதம். சீஸ் சேர்ப்பது அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கி, உள்ளிருக்கும் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்; எண்ணெய் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம் என்று திரியும். மொஸரெல்லா நூல் நூலாக இழுபடும் என்பதற்காகப் பலர் அதைத் தேடுகிறார்கள். அந்த இழுப்பு பீட்சாவுக்கு அழகு. இங்கே க்ரேப்பையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். நன்கு முதிர்ந்த பார்மெஜானோவோ க்ருயேரோ பொருந்தும். துருவிய ஜாதிக்காய், இருக்கிறதோ என்று சந்தேகம் வருமளவுக்கு மட்டும்.

இவ்வளவு வெண்ணெயும் பாலும் சீஸும் கறியும் ஒரே தட்டில் கனம் அல்லவா என்றால், கனம்தான். அதற்கு விடை சாஸை நீர்க்க வைப்பதில் இல்லை, அளவில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு குழல், பக்கத்தில் வினிகர் தெளித்த கசப்புக் கீரை சாலட். அவனிலிருந்து எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால் குழல் சரியாமல் முழுதாக வரும். முந்தின நாளே சுருட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் மடிப்பு கீழே இருக்கும்படி அடுக்கி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு சாஸைக் காய்ச்சி ஊற்றினால் போதும், குளிர்ந்த தட்டுக்கு அவனில் இன்னும் 10 நிமிடம் கூடும்.