ஏரிக்குப் பெயர் வைத்தவர்

மலைப் பயணப் புத்தகங்களில் ஒரு சௌகரியம் உண்டு. எழுதியவர் எப்படிப்பட்ட ஆசாமி என்று முதல் சில பக்கங்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். மூட்டையில் என்ன கட்டிக்கொண்டு போனார் என்று பார்த்தால் போதும். ஜான் மியூர் கொண்டுபோனது காய்ந்த ரொட்டி, கொஞ்சம் டீத்தூள், ஒரு நோட்டுப் புத்தகம். கம்பளி பல நாள் கிடையாது. போன இடமோ பத்தாயிரம் அடிக்கு மேலே. ஒரு நாள் பிக்னிக்குக்கு நாலு பை தூக்குகிற நமக்கு இதைப் படிக்கும்போதே குளிரும்.

1894-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் 'தி மவுன்டன்ஸ் ஆஃப் கலிஃபோர்னியா'. அமெரிக்காவின் மேற்கில், கலிஃபோர்னியாவின் முதுகெலும்பு மாதிரி நீளும் சியரா நெவாடா மலைத்தொடரில் பனியாறுகளையும் அவை விட்டுப்போன ஏரிகளையும் தேடித் தனியாக நடந்த கதை. பனியாறு என்றால் உறைந்து கிடக்கும் ஐஸ் கட்டி அல்ல. தன் எடை தாங்காமல் மெள்ள மெள்ளக் கீழே நகர்கிற ஐஸ். அந்த நகர்தலில்தான் மியூரின் வாழ்க்கையே இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1838-ல் பிறந்து, 11 வயதில் அமெரிக்கா வந்தவர். 1867-ல் தொழிற்சாலை விபத்தில் கண்ணில் அடிபட்டு, பார்வை திரும்பியதும் மனுஷர் நடக்கக் கிளம்பிவிட்டார். 1869 கோடையில் ஆட்டு மந்தையோடு சியராவுக்குள் போனார். பிறகு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. யோசெமிட்டியின் செங்குத்துப் பாறைச் சுவர்கள் எப்படி வந்தன என்பதற்கு அப்போது அதிகாரபூர்வமான பதில் ஒன்று இருந்தது. மாநிலப் புவியியலாளர் ஜோசையா விட்னி, தரை திடீரென்று உள்ளே இறங்கிவிட்டது என்றார். இல்லை, பனியாறு செதுக்கியது என்றார் மியூர். ஆடு மேய்க்கிறவன் சொல்லி நான் கேட்பதா என்கிற தோரணையில் விட்னி ஒதுக்கித் தள்ளினார்.

1871 அக்டோபரில் மெர்செட் சிகரத்தின் அடியில் ஓர் ஓடையோரம் நடக்கும்போது மியூர் சாம்பல் நிறச் சேற்றைப் பார்க்கிறார். கல்லில் இழைத்த சந்தனம் மாதிரி அத்தனை நைசான சேறு. வேறு யாராக இருந்தாலும் ஷூவைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவருக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது. பாறையை அரைத்தால்தான் இப்படி மாவாகும். அரைக்கிற எந்திரம் மேலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! ஏறிப் போகிறார். ஐஸ் இருக்கிறது. அடுத்த வருடம் மக்ளூர் பனியாற்றில் வரிசையாகக் கோல்களை நட்டுவிட்டு வந்து, 46 நாள் கழித்துப் போய் அளந்தார். நடுவில் இருந்தது கிட்டத்தட்ட 4 அடி நகர்ந்திருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் ஓர் அங்குலம்.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடம் பிடிக்காமல் போகாது. விட்னியிடம் இருந்தது பதவி. மியூரிடம் இருந்தது வவுச்சர். மியூர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை என்பது பின்னால் தெரிந்தது. மலைத்தொடர் முழுவதையும் ஐஸ் மூடியிருந்தது என்று நினைத்தார், அது மிகை. ஆறு வெட்டிய பள்ளத்தைத்தான் பனியாறு அகலப்படுத்தியது என்று பிரான்சுவா மத்தேஸ் 1930-ல் விவரமாக எழுதினார். ஆனால் தரை உள்ளே இறங்கியது என்கிற கதை அதற்கெல்லாம் முன்பே படுத்துவிட்டது.

இந்தப் புத்தகத்திலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்லும் இடம் நாலாவது அத்தியாயம். ரிட்டர் சிகரத்தில் தனியாக ஏறும்போது செங்குத்துப் பாறை நடுவே கை கால் விரித்த நிலையில் மாட்டிக்கொள்கிறார். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. விழப்போகிறோம் என்று நினைக்கிற நேரத்தில் திடீரென்று புது உணர்வு வந்து, கை கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து ஏறிவிடுகின்றன. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு இதில் கொஞ்சம் நாடக வாடை அடிக்கிறது. சேற்றைப் பார்த்துப் பனியாற்றைக் கண்டுபிடித்தவர் சொன்னால் நம்புகிறோம். காவல் தேவதை வந்து காப்பாற்றியதோ என்கிற மாதிரி பேசினால் நம் கை தானாகப் பக்கத்தைப் புரட்டுகிறது. மியூருக்கு பக்தி முற்றும்போது பெயரடைகளும் முற்றிவிடும். ஒரே பாராவில் நாலு இடத்தில் மகிமை.

ஆறாவது அத்தியாயம் வேறு ரகம். பனி ஏரிகள். சியராவில் 1500 ஏரிகளுக்குக் குறையாது என்று கணக்குச் சொல்லிவிட்டு, ஓர் ஏரியின் வாழ்க்கை வரலாற்றையே எழுதுகிறார். பனியாறு பின்வாங்கும்போது அது தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கிறது. முதலில் மொட்டைப் பாறை, நீல நீர், கரையில் ஒரு புல் கிடையாது. பிறகு ஓடை மணலைக் கொண்டுவந்து ஒரு மூலையில் கொட்டுகிறது. கோரை முளைக்கிறது. மெதுவாக ஓரம் சுருங்குகிறது. கடைசியில் ஏரி இருந்த இடம் புல்வெளி. நடந்துபோகிறவர் ஒரே நாளில் பிள்ளை ஏரி, வாலிப ஏரி, கிழட்டு ஏரி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மேலே போகப்போக வயசு குறையும். இதைப் படித்த பிறகு எந்த மலை ஏரியின் போட்டோவைப் பார்த்தாலும் அதற்கு என்ன வயசு இருக்கும் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.

அதே அத்தியாயத்தில்தான் அவர் மாட்டிக்கொள்கிறார். 1872-ல் ஓர் ஏரியைக் கண்டுபிடித்து 'நிழல் ஏரி' என்று பெயர் வைக்கிறார். சொன்னால் ஜனங்கள் வந்து மிதித்துவிடுவார்களே என்று நாலைந்து நண்பர்கள் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு ஒருநாள் போனால் கரையில் மனிதக் காலடி. ஆட்டுக்காரன் வந்துவிட்டான். மந்தை மேய்ந்து பூக்கள் காலி. கோயிலுக்குள் வியாபாரி புகுந்த மாதிரி கொதிக்கிறார்.

கொதிப்பு நியாயம்தான். ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இவர் மலைக்குள் நுழைந்ததே ஆட்டு மந்தையோடு. ரகசியம் காத்த ஏரியைப் பத்திரிகையிலும் புத்தகத்திலும் அச்சடித்து விற்றவரும் இவரே. இப்போது அதற்கு மெர்செட் ஏரி என்று பெயர். 1916-லேயே அங்கே பயணிகளுக்குக் கூடார விடுதி வந்துவிட்டது. இதற்காக மியூரைத் திட்டமாட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆகியிருக்குமா என்பது சந்தேகம். அழகைக் காப்பாற்ற ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் ஊரே வருகிறது. இதற்கு அவரிடமும் விடை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அவர் 'கண்டுபிடித்தேன்' என்கிற அந்த வார்த்தை. அதே மலையில் தெனாயா என்று ஓர் ஏரி இருக்கிறது. 1851-ல் மாரிபோஸா படைப்பிரிவு யோசெமிட்டியின் பூர்வகுடிகளான அவானீச்சி மக்களைத் துரத்திப் பிடித்த இடம் அதன் கரை. படையோடு போன லஃபாயெட் பனெல் என்பவர், அவர்களுடைய கிழத் தலைவர் தெனாயாவிடம், "உங்கள் பெயரையே இந்த ஏரிக்கு வைத்திருக்கிறோம்" என்கிற ரீதியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றாராம் பெரியவர். பையவேக் என்பது அந்தப் பெயர். பளபளக்கும் பாறைகளின் ஏரி. பனியாறு தேய்த்துப் பாலிஷ் போட்ட பாறைகள்தான் அவை. பனியாறு என்று தெரியாமலே அதன் வேலையைக் கண்டு பெயர் வைத்தவர்கள், மியூருக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே அங்கே இருந்தார்கள்.

மியூருக்கு தெனாயா கதை தெரியும். 1911-ல் வந்த இன்னொரு புத்தகத்தில் சுருக்கமாகச் சொல்கிறார். ஆனால் 1894 புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தில், மோனோ கணவாயில் எதிரே வந்த பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் முகத்து அழுக்கைப் புவியியல் அடுக்கு மாதிரி வர்ணித்துக் கிண்டலடிக்கிறார். அவர்கள் போனால் போதும் என்றிருக்கிறது அவருக்கு. அணிலுக்கும் குருவிக்கும் காட்டுகிற பொறுமையில் பாதி இங்கே இல்லை. ஒரு கைப்பிடி சேற்றில் பத்தாயிரம் வருடத்தைப் படித்தவர், எதிரே நின்ற மனுஷர் முகத்தில் அழுக்கைத் தாண்டிப் படிக்கவில்லை. பள்ளத்தாக்கின் புல்வெளிகள் அத்தனை விசாலமாக இருந்ததற்கு, அந்த மக்கள் காலம் காலமாகத் திட்டமிட்டுத் தீ வைத்துப் பராமரித்ததும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகள் நிலத்தை எப்படிப் பேணினார்கள் என்று எம். காட் ஆண்டர்சன் 2005-ல் ஒரு தடிமனான புத்தகமே எழுதியிருக்கிறார். மியூர் மனிதக் கை படாத தோட்டம் என்று நினைத்து உருகியதில், தோட்டக்காரர்களைத் துரத்திவிட்ட தோட்டமும் சேர்த்தி. அவர் 1892-ல் தொடங்கிய சியரா கிளப்பே 2020-ல் அவருடைய இந்த மாதிரிப் பேச்சுகளைக் கண்டித்து அறிக்கை விட்டது.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்தச் சில பக்கங்களையும் கிழித்துவிடாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இது ஒரே மூச்சில் எழுதிய புத்தகம் இல்லை. 1880-ல் கல்யாணமாகி, மாமனாரின் பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நன்றாகவே சம்பாதித்தார். அந்த வருடங்களில் எழுத்து குறைவு. பழைய பத்திரிகைக் கட்டுரைகளைத் தேடி எடுத்துத் தைத்து, 56 வயதில் புத்தகமாக்கினார். வாராவாரம் எழுதிப் பிறகு தொகுக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், தையல் பல இடத்தில் வெளியே தெரிகிறது.

சியராவில் 65 பனியாறுகள் என்று எழுதினார் மியூர். சேற்றைப் பிடித்துக்கொண்டு போய் 1871-ல் அவர் பார்த்த முதல் பனியாறு 1977 வாக்கில் இல்லாமல் போய்விட்டது. யோசெமிட்டியின் மிகப் பெரிய பனியாறான லையல் நகர்வதையே நிறுத்திவிட்டது என்று 2013-ல் பூங்காவின் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஐஸ் இருந்தது, ஆனால் பனியாறு இல்லை. மெலிந்துபோய், நகர்வதற்கு வேண்டிய எடை இல்லாமல் போய்விட்டது. பக்கத்திலேயே மியூர் கோல் நட்ட மக்ளூரையும் அளந்தார்கள். அது இளைத்துச் சுருங்கிய பிறகும் நாளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டிருந்தது. 1872-ல் இந்த மனுஷர் போட்டுவைத்த கணக்கு இல்லையென்றால், அந்த அங்குலத்தை எதோடு ஒப்பிடுவது?

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, காசில்லாமலே கிடைக்கும். ஆறாவது அத்தியாயத்தில் ஆரம்பித்து, பிறகு இரண்டாவதுக்கு வாருங்கள். எட்டாவது, மரங்களைப் பற்றியது, ரொம்ப நீளம். ஒவ்வொரு மரத்துக்கும் ஜாதகம் எழுதியிருக்கிறார். தாவரவியல் மோகம் இல்லாதவர்கள் தைரியமாகத் தாண்டலாம். பதிமூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொட்டுகிற அருவிக்குப் பக்கத்தில், உறையும் குளிரிலும் ஓடைக்குள் முங்கி எழுந்து பாடுகிற ஒரு சின்னக் குருவியைப் பற்றி. அதில் தேவதையும் இல்லை, மகிமையும் கொஞ்சம்தான்.