பாட்டு எழுப்பிய முதியவர்

சக்கர நாற்காலியில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறார் ஒரு முதியவர். மறதிநோயாளி. அவருடைய காதுகளில் ஹெட்போனைப் பொருத்துகிறார்கள். இளமையில் அவர் விரும்பிய இசை ஒலிக்கிறது. உடனே கண்கள் அகல விரிகின்றன; உடல் அசைகிறது; கூடவே பாடுகிறார். கருவியை அகற்றிய பின்னரும், தமக்குப் பிடித்த பாடகர் காப் காலோவே என்று உற்சாகமாகப் பேசுகிறார்.

மைக்கேல் ரோசாட்டோ-பென்னட் இயக்கிய 'அலைவ் இன்சைடு' என்ற அமெரிக்க ஆவணப் படத்தில் வரும் காட்சி இது. 2014ஆம் ஆண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்ற படம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அவரவர்க்கு உகந்த இசையை வழங்கும் சமூகப் பணியாளர் டேன் கோஹனைப் பின்தொடர்கிறது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் இதில் தோன்றுகிறார்.

இசை மூளையின் ஒரே மூலையில் தங்குவதன்று. கேட்டல், அசைவு, உணர்ச்சி, நினைவு ஆகியவற்றுக்குரிய பல பகுதிகளை அது ஒருங்கே தூண்டுகிறது. நோயோ எல்லாப் பகுதிகளையும் ஒரே வேகத்தில் அழிப்பதில்லை. ஆகவே பெயர்கள் மறந்த பின்னும் பாட்டு எஞ்சியிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் படம் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. கதிரியக்கத்தை அளக்கும்போது, கைகர் எண்ணியில் முதலில் பின்னணி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதைக் கழிக்கிறோம் அல்லவா? இங்கே அந்தப் பின்னணி எங்கே? இசையோடு கோஹனும் வந்தார், கேமராவும் வந்தது. யாரும் எட்டிப் பார்க்காத அறையில் ஒருவர் அமர்ந்து அன்போடு பேசினாலே முதியவர் ஓரளவு விழித்திருக்க மாட்டாரா? இசை பயன் தராதவர்களையும் படம் நமக்குக் காட்டவில்லை.

இது வீண் ஐயமன்று. அமெரிக்காவில் 54 பராமரிப்பு இல்லங்களில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், இத்தகைய இசைத் திட்டத்தால் நோயாளிகளின் அமைதியின்மை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் படம் பொய்யா? இல்லை. அந்த முதியவரின் மகிழ்ச்சி உண்மை. விலையுயர்ந்த மருந்தை எளிதில் எழுதித்தர முடிகிறது, ஓர் இசைக்கருவியை வாங்கித்தர முடியவில்லை என்ற மருத்துவர் பில் தாமஸின் குறையும் நியாயமானதே. ஹெட்போனை மாட்டிவிட்டு ஊழியர் அடுத்த அறைக்குப் போய்விடலாம் என்ற முடிவுக்கு மட்டும் இல்லங்கள் வந்துவிடக் கூடாது. மாணவர்கள் இப்படத்தை அவசியம் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பாடும் முதியவரோடு, அவருக்கு எதிரே அமர்ந்து கேட்பவரையும் கவனியுங்கள்.