அரத்தின் பல்லும் கையின் நிதானமும்

கணினியில் வரைந்த வடிவத்தை உலோகத் தகட்டிலிருந்து தானே குடைந்தெடுக்கும் சிஎன்சி இயந்திரமும், உருகிய பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகப் படியவைத்துப் பொருளை எழுப்பும் முப்பரிமாண அச்சுப்பொறியும் ஆர்வலர்களின் வீட்டு மேசைக்கே வந்துவிட்டன. எனினும், வெட்டுவாயில் நீட்டி நிற்கும் கூரிய ஓரமான பிசிறை நீக்க அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் அரத்தையே.

அரத்தின் பற்கள் முன்னோக்கிச் செல்லும்போதே வெட்டுவதால், தேர்ந்த கை அதை அழுத்தித் தள்ளி, திரும்பும்போது அழுத்தத்தைத் தளர்த்திக்கொள்கிறது. அரம் முன்னேற முன்னேற நுனியைப் பிடித்த கையின் பாரம் குறைந்து, பிடியிலுள்ள கையின் பாரம் கூடினால்தான் பரப்பு சமமாகும், இல்லையேல் ஓரங்கள் சரிந்து நடு மேடாகிவிடும். பல் சரியாகப் பதிந்தால் எழுவது அடங்கிய, சீரான ஒலி. வழுக்கினால் எழுவது காதைக் கூசவைக்கும் கிறீச்சொலி. மென்மையான அலுமினியம் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளாதிருக்க அரத்தின்மேல் சாக்கட்டியைத் தேய்ப்பதும், செங்கோணத்தைச் சோதிக்கும் மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கசியும் ஒளிக்கீற்றைக் கண்டு மேட்டை அறிவதும் இவ்வேலையின் இன்பங்கள். ஒரே வடிவத்தைச் சலியாமல் திரும்பத் திரும்பத் தருவதில் இயந்திரத்தின் மேன்மை மறுக்க முடியாதது. ஆனால் உலோகத்தின் கடினத்தை விரல்வழி அறியும் நெருக்கம் அரம் பிடித்தவருக்கே வாய்க்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவு மாணவர்கள் இன்றும் தொடக்கத்திலேயே கற்கும் வேலைகளுள் ஒன்று, இரும்புத் துண்டை அரத்தால் சமமாக ராவுவதுதான்.