அனுமதி யாருடையது?

மனிதர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வு குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. தீங்கிழைத்தலை விலக்கும் நபிமொழி முதலில் வரும். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களுள் ஒன்று என்பது தொடரும். 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் சொன்னதை இஸ்லாம் என்றோ சொல்லிவிட்டது என்று கட்டுரை முடியும். இவற்றில் பிழையில்லை. ஆயினும், தீங்கு ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட வாதம், தீங்கு நிறுவப்படாத இடத்தில் பேச வகையற்றுப் போகிறது.

அத்தகைய இடம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2009இல் 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தும் ஆய்வைத் தொடங்கியது. ஏழு சிறுமியர் இறந்த செய்தி எழுந்ததும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என்றே அரசின் விசாரணைக் குழு கண்டது. தடுப்பூசியின் பயனும் இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. அப்படியானால் குற்றம் எங்கே?

ஒப்புதல் படிவங்களில் இருந்தது குற்றம். ஆந்திரத்தில் சரிபார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் ஃபிக்ஹு நூல்களுக்கு இக்கேள்வி புதிதன்று. சிறுவனுக்கு அவனுடைய வலீயின் அனுமதியின்றிக் கத்னா செய்து, அதனால் பாதிப்பு நேர்ந்தால் செய்தவரே பொறுப்பாளர் என்கிறார் இமாம் இப்னு குதாமா (ரஹ்). அவர் காட்டும் காரணம் கைத்திறன் குறைவு அன்று. அனுமதிக்கப்படாத வெட்டு என்பதே. தந்தையும் பாட்டனாரும் இருக்க, விடுதிக் காப்பாளர் எங்ஙனம் வலீ ஆவார்? அறியாமல் தரும் இசைவின் நிலையையும் வணிகப் பாடம் காட்டுகிறது: குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பொருளுக்கே இவ்வளவு பேணுதல் என்றால் உடலுக்கு எவ்வளவு வேண்டும்!

இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் உண்டு; இயற்கைக் கதிர்வீச்சு இங்கே மிகுதி. இத்தகைய கரைகளில் வாழ்வோரின் உடல்நலத்தை ஆராய்வது அறிவியலுக்குத் தேவை. நமக்கும் பயன் தரக்கூடியது. ஆய்வாளர் வரும்போது முதலில் ஜமாஅத் தலைவரையே நாடுவர். அவர் தரும் இசைவு ஊருக்குள் வர வழிவிடுமே தவிர, எவருடைய இரத்தத்தையும் எடுக்க உரிமை தராது. சமூகத் தலைவரின் அனுமதி தனிமனிதர் ஒப்புதலுக்கு ஈடாகாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறையும்.

நம் கட்டுரைகள் விளக்க வேண்டியது இந்த வரம்பைத்தான். முன்பே சொன்னோம் என்ற பெருமிதம், படிவத்தின் முன் அமர்த்தப்படும் எழுத்தறியாத தாய்க்கு எதையும் விளக்காது.